அலாஸ்காவில் விலங்கு பார்க்க பஸ் போதும், பூப் பார்க்கத்தான் கைடு வேண்டும்

சியாட்டிலில் மனைவியோடு இருந்து வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருந்தார்: "கோயம்புத்தூரிலிருந்து அப்பா, அம்மா வருகிறார்கள். இருவருக்கும் அறுபத்தைந்து தாண்டிவிட்டது. கோடையில் அலாஸ்கா போய்க் காட்டுப்பூக்களும் விலங்குகளும் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. கைடோடு போகும் பயணத்துக்கு ஆளுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கேட்கிறார்கள். அது அவசியமா? நாமே போய்ப் பார்க்க முடியாதா? எந்த மாதம் நல்லது?"

விலங்குக்குக் கைடு தேவையில்லை, டெனாலி தேசியப் பூங்காவின் பஸ்ஸே போதும். பூவுக்குத்தான் கைடு வேண்டும். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கரடி காட்டுவார் என்று நம்பிக் கைடுக்குப் பணம் கட்டுகிறார்கள், பூ எங்கே போனாலும் கண்ணில் படும் என்று விட்டுவிடுகிறார்கள். முதல்முறை நானும் அப்படித்தான் செய்தேன். நான்கு கோடை டெனாலிக்குப் போய்வந்த பிறகுதான் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன்.

அலாஸ்காவில் டெனாலியைத்தான் ஏன் சொல்கிறேன் என்று கேட்கலாம். கப்பலில் போனால் தெற்குக் கரையோரம் திமிங்கிலமும் பனிப்பாறையும் கிடைக்கும், பூ அதிகம் கிடைக்காது. அருவியில் நின்றபடி சால்மன் மீனை வாயில் கவ்வும் கரடிப் படம் பார்த்திருப்பீர்கள். அது காட்மாய் பூங்காவின் ப்ரூக்ஸ் அருவி. சின்ன விமானத்திலோ படகிலோதான் போக வேண்டும், ஜூலையில் கூட்டம் நெரியும். அம்மாவுக்கு அந்தக் காட்சிதான் வேண்டுமென்றால் அது தனிப் பயணம், தனிச் செலவு. பூவும் விலங்கும் ஒரே இடத்தில், அதிலும் வயதானவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கிற மாதிரி வேண்டுமென்றால், எனக்குத் தெரிந்து டெனாலிக்கு ஈடு இல்லை.

அந்தப் பூங்கா பிறந்ததே ஒரு காட்டு ஆட்டுக்காகத்தான். டால் ஆடு என்று பெயர், உடம்பு முழுக்க வெள்ளை. 1900களின் தொடக்கத்தில் சுரங்க ஊர்களுக்கும் ரயில் பாதை போடுகிறவர்களுக்கும் கறி விற்பதற்காக இவற்றைச் சுட்டுத் தள்ளினார்கள். சார்லஸ் ஷெல்டன் என்ற வேட்டைக்காரரே இதைத் தாங்காமல் வாஷிங்டனில் போராடி, 1917இல் பூங்காவை வாங்கிக் கொடுத்தார். 1980இல் அதை விரித்தார்கள். இப்போது ஏறத்தாழ 24,500 சதுர கிலோமீட்டர். உங்கள் கோவை மாவட்டம் ஐந்தை உள்ளே வைக்கலாம். இவ்வளவு பெரிய இடத்துக்கு ஒரே ஒரு சாலை, 148 கிலோமீட்டர்.

அதில் முதல் 24 கிலோமீட்டர், சாவேஜ் ஆறு வரைக்கும், சொந்தக் காரில் போகலாம். அதற்கு மேல் கோடையில் பஸ் மட்டும்தான். அலாஸ்காவின் பெரிய நகரமான ஆங்கரேஜிலிருந்து நெடுஞ்சாலை வந்து சேர்ந்தால் கார் குவிந்துவிடும் என்று பயந்து 1972இலேயே இந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டார்கள். நல்ல காலம். ஐம்பது வருடமாக அதே சாலையில் மெதுவாக ஊர்ந்துபோகும் பஸ்ஸை விலங்குகள் பாறையைப்போல எடுத்துக்கொள்கின்றன. சொந்தமாக ஜீப் வைத்துக்கொண்டு தேடினாலும் இந்த நெருக்கம் கிடைக்காது.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் ப்ரிட்டி ராக்ஸ் என்ற இடத்தில் மலைச்சரிவு சாலையோடு சேர்ந்து சரிந்துவிட்டது. அடியில் இருந்த பனிக்கட்டி உருகி, மண் நழுவிக்கொண்டே இருந்ததால் வந்த வினை. அதற்குப் பிறகு பஸ்கள் 43ஆவது மைலில், அதாவது 69 கிலோமீட்டரில், திரும்பிவிடுகின்றன. அங்கே பாலம் கட்டும் வேலை எடுத்திருக்கிறார்கள். நீங்கள் போகும் வருடம் எதுவரை ஓடுகிறது என்று பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். பாதிச் சாலைதானே என்று தயங்க வேண்டாம். ஆடு நிற்கும் இக்லூ பள்ளத்தாக்கும், கரடிகளுக்காகவே மனிதர் கீழே இறங்கி நடக்கக் கூடாது என்று ஒதுக்கிவைத்திருக்கும் சேபிள் கணவாயும் அந்தப் பாதிக்குள்ளேயே வந்துவிடுகின்றன.

பஸ்ஸில் இரண்டு வகை. டூர் பஸ்ஸில் ஓட்டுநர் வழிநெடுகப் பேசிக்கொண்டே வருவார், விலை கூடுதல். ட்ரான்சிட் பஸ் விலை மலிவு, பேசியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் நான் ஏறியவற்றில் வாயை மூடிக்கொண்டு வந்த ஓட்டுநர் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. பதினைந்து, இருபது கோடை அதே சாலையில் ஓட்டியவர்கள் அவர்கள், சொல்லாமல் இருக்க முடியாது. ட்ரான்சிட்டில் இன்னொரு லாபம், விலங்கு அருகில் இல்லாத இடமாகப் பார்த்து இறங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் இடம் இருந்தால் ஏறிக்கொள்ளலாம். இரண்டிலும் விலங்குக்கு நிற்பார்கள். யாராவது "ஸ்டாப்" என்றால் வண்டி நின்றுவிடும். எங்கே என்று கடிகாரக் கணக்கில் சொல்ல வேண்டும், மூக்குக்கு நேரே பன்னிரண்டு மணி. போகும்போது இடதுபக்க ஜன்னலைப் பிடியுங்கள். அந்தப் பக்கம்தான் பள்ளத்தாக்கும் பெரிய மலையும்.

இரண்டாவது பயணத்தில் சேபிள் கணவாய்க்குச் சற்று முன்னால், பின் சீட்டிலிருந்த ஒரு சிறுமி "இரண்டு மணியில் மாடு" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தபடி திரும்பினோம். ஈரமான சரிவில் தலையைக் குனிந்து, வைக்கோல் நிறத்தில் ஒன்று நிதானமாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தது. தலையைத் தூக்கிய பிறகுதான் கிரிஸ்லி கரடி என்று தெரிந்தது. அந்தப் பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை, அது மேய்ந்ததென்னவோ மாடு மாதிரிதான். இந்தப் பக்கத்து ஆறுகள் பனிப்பாறையிலிருந்து மாவுபோல் வண்டலைக் கொண்டுவருபவை, சாம்பல் கரைத்தாற்போல் ஓடும். கரையோரக் கரடிகளுக்குக் கிடைக்கிற சால்மன் விருந்து இங்கே கிடையாது. அதனால் இங்கத்திய கரடி முக்கால்வாசி சைவம். உடம்பும் சிறுத்துத்தான் இருக்கும்.

கரடி சைவம் என்பதிலிருந்துதான் பூவின் கதை தொடங்குகிறது. கோடை தொடங்கும் முன், பச்சை துளிர்க்காத நாட்களில், அது ஹெடிசாரம் என்ற பட்டாணிக் குடும்பச் செடியின் கிழங்கைத் தோண்டும். ஜூனில் ரோஜா நிறத்தில் சரம்சரமாகப் பூக்கும் செடி அது. ஆற்றுச் சரளையோரம் அந்தப் பூவைக் கண்டால், பக்கத்தில் மண் கிளறிய குழிகளும் இருக்கும். ஜூன், ஜூலையில் பனி உருகி ஈரம் கசியும் சரிவுகளில் இளம்புல் மேயும். ஜூலைக் கடைசியிலிருந்து சோப்பெர்ரி, புளூபெர்ரி. எந்தச் செடி எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்தால் கரடி எந்த உயரத்தில் நிற்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். இதை எனக்குச் சொல்லித் தந்தது காசு வாங்கிய கைடு இல்லை, பூங்காவின் ரேஞ்சர் ஒருவர்.

ரேஞ்சர்கள் கோடையில் டிஸ்கவரி ஹைக் என்று ஒரு நடை நடத்துகிறார்கள். பதினோரு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. பஸ் டிக்கெட்டைத் தவிர வேறு கட்டணம் கிடையாது. ஆனால் ஓரிரு நாள் முன்னால் பூங்கா அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். பாதை இல்லாத தூந்திராவில் நடை. ஒருவர் பின் ஒருவராகப் போகக் கூடாது, விரிந்து நடக்க வேண்டும் என்பதுதான் முதல் பாடம். ஒரே தடத்தில் பத்துப் பேர் மிதித்தால் அங்கே பாதை விழுந்துவிடும். அந்தக் குளிரில் செடி மீண்டு வர வருடக்கணக்கில் ஆகும். ஸ்பாஞ்சுமேல் நடப்பதுபோல் கால் புதையும், கீழே சில அடியில் வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும் மண். தண்ணீர் இறங்க வழியில்லாமல் மேலேயே நிற்பதால் ஷூ நனையாமல் திரும்பியவர் யாருமில்லை.

நான் சேர்ந்துபோன அன்று ஐந்து மணி நேரத்தில் நாங்கள் நடந்த தூரம் மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. மேட்டில் ஏறியதும் அந்த ரேஞ்சர் மண்டியிட்டு உட்கார்ந்தார், எங்களையும் உட்காரச் சொன்னார். தரையோடு தரையாக, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவில் பச்சைத் திண்டு. அதன் ஒரு பக்கம் மட்டும் சட்டைப் பட்டனைவிடச் சிறிய இளஞ்சிவப்புப் பூக்கள். மாஸ் கேம்பியன் என்றார். பூ முதலில் விரியும் பக்கம் தெற்கு, திசைகாட்டி இல்லாதபோது இதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். விரலை உள்ளே நுழைக்கச் சொன்னார். வெளியே காது விறைக்கிற காற்று. அந்தத் திண்டுக்குள் வெதுவெதுப்பாக, தூங்குகிற பூனையின் வயிற்றைத் தொட்டதுபோல் இருந்தது. இப்படி ஒரு திண்டு முதல் பூ பூக்கவே பத்து வருடம் ஆகலாம் என்றார். அதுவரை புகைப்படத்துக்காக எத்தனை திண்டுகள்மேல் உட்கார்ந்திருப்பேன் என்று எண்ணி எனக்குச் சங்கடமாகப் போயிற்று.

ஊட்டி ரோஜாத் தோட்டம்போல் எதிர்பார்த்து வரக் கூடாது என்பது இதனால்தான். வடக்கின் பூ சின்னது, தரையோடு ஒட்டியது, பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் வெறும் பச்சைக் கம்பளம். குனிந்தால்தான் உண்டு. டிரையாஸ் என்று வெள்ளைப் பூ ஒன்று, எட்டு இதழ், கிண்ணம்போல இருக்கும். நாள் முழுக்கச் சூரியனோடு திரும்பி, வெயிலை நடுவில் குவித்துக்கொள்ளும். குளிர்காய வந்த ஈ அதில் உட்கார்ந்து மகரந்தம் சுமந்துபோகும். சுமார் 12,900 வருடங்களுக்கு முன் உலகம் திடீரென்று மீண்டும் குளிர்ந்த காலத்துக்கு 'யங்கர் டிரையாஸ்' என்று பெயர் வைத்தது இந்தச் செடியின் பெயரால்தான். ஸ்காண்டிநேவிய ஏரிச் சேற்றில் அந்தக் காலத்து அடுக்கில் இதன் இலைகள் கிடைத்தன. கரு ஊதா முக்காடு போட்டதுபோல் நிற்பது மங்க்ஸ்ஹுட். நம் சித்த மருத்துவத்தில் வச்சநாபி என்கிறோமே, அதன் நெருங்கிய உறவு, அதே கொடிய விஷம். அம்மா அழகாயிருக்கிறது என்று பறிக்கப் போனால் தடுத்துவிடுங்கள். மாநிலப் பூவான நீல ஃபர்கெட்-மீ-நாட் மலைச்சரிவில் இருக்கும். முதல் தடவை நான் அதை ஒருவர் சட்டைப் பேட்ஜில்தான் பார்த்தேன், தரையில் பார்க்க மூன்றாவது பயணம் ஆனது.

இனி, மாதம். பூ மட்டுமே நோக்கம் என்றால் ஜூன் 20 முதல் ஜூலை 5 வரை. உயரமான தூந்திராவில் அதுதான் உச்சம். வெளிச்சத்துக்கும் குறைவில்லை, அந்நாட்களில் சூரியன் இருபது மணி நேரத்துக்கு மேல் வானத்தில் இருக்கும். ஜூலை நடுவில் போனால் தாழ்ந்த இடங்களில் பூ ஓய்ந்திருக்கும், பனி தாமதமாக உருகிய சரிவுகளில் இன்னும் இருக்கும். சாலையோரம் ஃபயர்வீட் மட்டும் ஆளுயரத்துக்குக் கத்தரிப்பூ நிறத்தில் எரியும். காடு எரிந்த இடத்தில் முதலில் முளைப்பது என்பதால் அந்தப் பெயர். இது கீழிருந்து மேலாகப் பூக்கும். நுனிப் பூ விரிந்துவிட்டால் குளிர்காலத்துக்கு ஆறு வாரம் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. ஆகஸ்ட் கடைசியில் போனால் பூ இல்லை, ஆனால் மலையே செம்பட்டாகியிருக்கும், கரடி பெர்ரிப் புதர்களில் குந்தியிருக்கும், கொசு குறைந்திருக்கும். உங்கள் அம்மாவின் ஆசையில் பூ முதலில் வருவதால் ஜூன் கடைசி வாரத்தையே சொல்வேன். முன்பதிவு முந்தைய டிசம்பரிலேயே திறந்துவிடும், தள்ளிப்போடாதீர்கள்.

அந்த வாரத்துக்குக் கொடுக்கும் விலை கொசு. தலையோடு கழுத்து வரை மூடும் வலை ஒன்று ஆளுக்கு வாங்குங்கள், சில டாலர்தான். பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும், அரை மணி நேரத்தில் போடாதவர்கள்தான் கோமாளி ஆவார்கள். காற்றடிக்கும் மேட்டில் கொசு நிற்காது. கரிபூ மான்கள் ஜூலையில் மிஞ்சிய பனித்திட்டுகளில் ஏறி நிற்பதும் பூச்சிக்குப் பயந்துதான். வெள்ளைத் திட்டு தெரிந்தால் பைனாகுலரை அங்கே திருப்புங்கள், நான் பார்த்த கரிபூக்களில் பாதி அப்படிக் கிடைத்தவை.

சரி, காசு கொடுக்கும் பயணத்துக்கு வருகிறேன். முதல்முறை நான் போனது ஒரு நிறுவனத்தின் ஐந்து நாள் "பூவும் விலங்கும்" பயணம். வேனில் பதினான்கு பேர், ஐந்து நாளில் ஆறு ஊர். வந்த இளைஞர் அருமையாக ஓட்டினார், காபியும் நன்றாகப் போட்டார். சாலையோரம் லூபின் பூத்துக் கிடந்த இடத்தில் நிறுத்தி இது என்ன பூ என்று கேட்டதற்கு, "பர்ப்பிள் பூ" என்றார். அடுத்த ஊருக்கு நேரமாகிறது என்று பத்து நிமிடத்தில் கிளப்பிவிட்டார். பணம் போனதைவிட அந்தப் பத்து நிமிடம்தான் இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆகவே பணம் கட்டும் முன் இதையெல்லாம் கேளுங்கள். குழுவில் எத்தனை பேர்? ஒரு நாளில் வேனுக்குள் எத்தனை மணி நேரம்? ஒரே ஊரில் குறைந்தது மூன்று இரவு தங்குகிறீர்களா? கூட வருபவர் தாவரம் படித்தவரா, அந்தப் பகுதியில் எத்தனை கோடை இருந்தவர்? கடைசியாக ஒன்று, நான் வைத்திருக்கும் சோதனைக் கேள்வி: "போன வருடம் ஜூன் கடைசியில் என்ன பூத்திருந்தது?" தெரிந்தவர் பத்துப் பெயரை மடமடவென்று ஒப்பிப்பார், எந்த மேட்டில் என்றும் சேர்த்துச் சொல்வார். தெரியாதவர் "எல்லாமே அழகாக இருக்கும்" என்பார். கரடி நிச்சயம் காட்டுகிறோம் என்று உத்தரவாதம் கொடுக்கும் ஆளை அங்கேயே விட்டுவிடலாம்.

உங்கள் நிலையில் நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். ஆங்கரேஜுக்கு விமானம். அங்கிருந்து டெனாலி 380 கிலோமீட்டர். நாலரை மணி நேரம் கார் ஓட்டலாம், இல்லையென்றால் கண்ணாடிக் கூரை போட்ட ரயிலில் எட்டு மணி நேரம். அப்பா அம்மாவுக்கு ரயில். பூங்கா வாசலில் நான்கு இரவு, அதற்குக் குறைத்தால் மழை ஒரு நாளைத் தின்றுவிடும். முதல் நாள் சாவேஜ் ஆற்றங்கரைச் சுற்றுப்பாதை, மூன்று கிலோமீட்டரைச் சற்றே தாண்டும், பெரும்பாலும் சமதளம். மேலே பாறையில் டால் ஆடு வெள்ளைப் புள்ளியாக நிற்கும். இரண்டாம் நாள் நால்வருமாக 43ஆவது மைல் வரை ட்ரான்சிட் பஸ், போய்வர ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. வழியில் கழிவறைக்கு நிறுத்துவார்கள், அப்பா கவலைப்பட வேண்டாம். மூன்றாம் நாள் நீங்களும் மனைவியும் டிஸ்கவரி ஹைக். அது முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இல்லை. பெற்றோருக்கு அன்றைக்குப் பார்வையாளர் மையத்தருகே நல்ல பாதையில் ரேஞ்சர் கூட்டிப்போகும் சிறு நடை உண்டு, பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களின் காட்சியும் உண்டு, அது இலவசம். நான்காம் நாளுக்குத்தான் காசு: பூங்காவுக்கு வெளியே, தாவரம் தெரிந்த ஒருவரை உங்கள் குடும்பத்துக்கு மட்டும் அரை நாள் அமர்த்துங்கள். அம்மா குனிந்து பார்க்கிற வேகத்தில் அவர் நடக்கட்டும். ஐந்து நாள் குழுப் பயணத்துக்குக் கேட்டதில் சின்னப் பங்குதான் ஆகும்.

டெனாலி மலை தெரியுமா என்று எல்லோரும் கேட்பார்கள். 6,190 மீட்டர், வட அமெரிக்காவின் உச்சி. கோடையில் வருபவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் முகம் காட்டும். காட்டினால் பாக்கியம்.

பயப்பட வேண்டியது கரடிக்கு அல்ல, மூஸுக்கு. ஆறேழு நூறு கிலோ எடைக்கு வளரும் பெரிய மான். ஜூனில் குட்டியோடு நிற்கும் தாய் மூஸ் ஹோட்டல் வாசலிலேயே வந்து நிற்கும். பக்கத்தில் போய்ப் படம் எடுக்க அப்பாவை விடாதீர்கள். கரடியிடமிருந்து 300 கெஜம், மற்றவற்றிடமிருந்து 25 கெஜம் விலகி இருக்க வேண்டும் என்பது சட்டம். மூஸ் காதை மடக்கினால் ஓடி ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றுகொள்ளலாம். கரடியைக் கண்டால் ஓடவே கூடாது, பேசிக்கொண்டே பின்வாங்க வேண்டும். கரடி ஸ்ப்ரேயை விமானத்தில் கொண்டுபோக முடியாது, அங்கே போய்த்தான் வாங்க வேண்டும்.

ஜூலையிலும் பனி விழும் ஊர் அது. பருத்திச் சட்டை நனைந்தால் காயாது. உள்ளே கம்பளி, நடுவில் ஃபிளீஸ், மேலே மழைக்கோட்டு என்று அடுக்குங்கள். எட்டு மடங்கு பெருக்கும் பைனாகுலர் குறைந்தது இரண்டு கொண்டுபோங்கள். நால்வருக்கு ஒன்று என்றால் கரடி போன பிறகுதான் அம்மா கைக்கு வரும்.

சாப்பாடு நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ட்ரான்சிட் பஸ்ஸில் ஏறிய பிறகு வாங்கித் தின்ன எதுவும் கிடையாது. சமையலறை உள்ள அறையாகப் பார்த்து எடுத்து, காலையில் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். ஓடும் பஸ்ஸுக்குள் சாப்பிடலாம். கீழே ஒரு பருக்கைகூடச் சிந்தக் கூடாது. நிற்கும் இடத்தில் தரை அணில் ஒன்று பின்கால்களில் எழுந்து நின்று அம்மாவையே பார்க்கும். குளிர்காலத் தூக்கத்தில் உடம்பைப் பூஜ்யத்துக்குக் கீழே குளிரவிட்டு, அப்படியும் உயிர் பிழைக்கிற பிராணி அது. கொடுக்காதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும்.